தமிழுக்கு யாரும் கைதட்டவில்லை

அந்த ஒலிப்பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டது எங்கள் வார்டு மெம்பர். கேட்டது என் பிளஸ் டூ வகுப்பு. ஊர் முழுக்கப் பேச்சு வாங்கியது மட்டும் நான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் யாராவது, "டீச்சர் எங்கிருந்தோ ஒரு பழைய கேசட்டைத் தோண்டியெடுத்து வம்பு இழுத்தாங்க" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எதையும் தோண்டவில்லை. பாடம் நடத்தினேன். அதற்குத்தான் அரசாங்கம் என்னை அங்கே அனுப்பியிருந்தது.

கேரளத்து இடுக்கி மலையில், வண்டன்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளி. தமிழ் மீடியத்தில் வரலாறு என் பாடம். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், வேலந்தாவளம் பக்கம். சேர்ந்த புதிதில் வழக்கம்போல் பிள்ளைகளை "வாங்க, உக்காருங்க, எழுதுங்க" என்றேன். அவர்களெல்லாம் கம்பம், தேனிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சர் மரியாதை கொடுக்கிறாரா, கேலி பண்ணுகிறாரா என்று வெகுநாள் ஆராய்ச்சி நடந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. நான் கோபத்தில் "வெளிய போங்க" என்று கத்தியபோதுதான், இது மரியாதையும் இல்லை கேலியும் இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சே இப்படித்தான் என்று அவர்களுக்குப் பிடிபட்டது.

அரசியல் உரைகளை முதன்மைச் சான்றாகப் படிப்பது எப்படி என்று ஒரு பகுதி நடத்த வேண்டியிருந்தது. முதன்மைச் சான்று என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு காரியம் நடந்த காலத்தில், அதில் இருந்த ஆட்களிடமிருந்தே நமக்கு வந்து சேர்ந்த எதுவும் அதில் அடக்கம். கல்வெட்டு, கடிதம், புகைப்படம், மேடைப் பேச்சு எல்லாம் சேரும். புத்தகத்தில் இருந்த உரைகள் பெரிய பெரிய மனிதர்களுடையவை. ஒன்றை வாசித்துக் காட்டி, "என்ன தோணுதுங்க?" என்று கேட்டால் வகுப்பு ஒரே குரலில், "நல்ல பேச்சு டீச்சர்" என்னும். எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு என்றாலே பேச்சுப்போட்டிதான். ஒருவன் விடைத்தாளில், 'உச்சரிப்பு அருமை, ஏற்ற இறக்கம் நன்று, முதல் பரிசுக்குத் தகுதியானவர்' என்று எழுதி வைத்திருந்தான். பேசியவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. பரிசை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

"கும்பிடாதீங்க! கும்பிட்டாத் தலை குனிஞ்சு போகும், அப்புறம் எப்படிப் பார்க்கறது? யாரு பேசறாங்க, யாருகிட்டப் பேசறாங்க, எதுக்காகப் பேசறாங்க, எதைச் சொல்லாம விட்டாங்க, கேட்டவங்க என்ன பண்ணுனாங்க, அதைப் பாருங்க."

கேட்டவர்கள் என்ன பண்ணினார்கள் என்ற கேள்வியைப் பேச்சுவாக்கில்தான் சேர்த்தேன். புத்தகத்தில் அச்சடித்த பேச்சில் அதற்குப் பதிலும் கிடையாது. அச்சில் கைதட்டல் கேட்காது.

அந்தச் சமயத்தில்தான் மெம்பர் அந்த ஒலிப்பதிவைக் குழுவில் போட்டார். எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் பிறப்பதற்கும் முன்பு, மலையில் குடியேறி ஏலச்செடி நட்டவர்களையெல்லாம் அரசாங்கம் இறக்கிவிடப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ஊரே கலங்கிப்போயிருந்த நேரத்தில் சங்கத் தலைவர் ஒருவர் கீழேயிருந்து வந்து, ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் பேசியிருக்கிறார். அவர் பேசியது மலையாளம். கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழர்கள். அதனால் அவர் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒருவர் அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். தமிழில் சொன்னவர் மெம்பரின் அப்பா. இரண்டு மொழியும் தெரிந்தவர் என்று அந்தக் காலத்தில் அவருக்கு ஊரில் தனி மதிப்பு. இப்போது அவர் இல்லை.

யாரோ ஒரு ஆர்வக்காரர் அதைப் பதிவு செய்ய, அது கேசட்டாகி, கேசட்டிலிருந்து போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த மைதானத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கப்போவதாகவும், தலைவரின் முக்கியமான வாக்கியத்தை மலையாளத்திலும், அதற்குக் கீழே தன் அப்பா சொன்ன தமிழையும் வெட்டப்போவதாகவும் மெம்பர் அறிவித்திருந்தார். ஊர் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. நானும்தான் காட்டினேன். பேசியவர் குரல், மொழிபெயர்த்தவர் குரல், கேட்டவர்கள் சத்தம், எல்லாம் ஒரே இடத்தில். ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? மறுநாளே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

காற்றுச் சத்தமும் கரகரப்புமாக இருந்தது பதிவு. முதல் தடவை சும்மா கேட்கச் சொன்னேன். இரண்டாம் தடவை, தெரிந்ததை எழுதாமல் காதில் விழுந்ததை மட்டும் எழுதச் சொன்னேன். இதில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். நல்ல தலைவர், நல்ல பேச்சு, ஆகவே கூட்டம் ஆரவாரம் செய்திருக்கும் என்று கேட்பதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். அதைக் கோடிட்டு அடிக்கச் சொல்லி மறுபடி எழுதவைத்தேன்.

கடைசிப் பெஞ்சில் ஒரு பெண். லயத்திலிருந்து, அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளிலிருந்து வருகிறவள். அவள் அம்மா தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். வகுப்பில் அதிகம் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் என்னிடமே கேள்வி கேட்பாள். அவள்தான் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தமிழுக்கு யாருமே கைதட்டல."

"எல்லா இடத்திலயும் தட்டறாங்களே அம்மணி."

"எல்லா எடத்துலயும் தட்டுறாங்க. அந்த எடத்துல மட்டும் தட்டல. மறுபடி போடுங்க."

போட்டேன். அவள் சொன்னது உண்மைதான். தலைவர் மலையாளத்தில் ஒன்று சொல்வார். முன்வரிசையில் இருந்த மலையாளம் தெரிந்தவர்களிடமிருந்து கொஞ்சம் கைதட்டல் வரும். உடனே தமிழ் வரும். மைதானமே அதிரும்படி பெரிய கைதட்டல் எழும். பேச்சு முழுக்க இப்படித்தான் போகிறது. ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் தலைகீழ். மலையாளத்துக்கு முன்வரிசை பிளந்து கட்டுகிறது, யாரோ விசில்கூட அடிக்கிறார்கள். பிறகு மெம்பரின் அப்பா தமிழில் சொல்கிறார். சொன்னபின் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு குழந்தை அழுகிறது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு கைகூட அசையவில்லை.

கல்லில் வெட்டப்போவது அந்த வாக்கியத்தைத்தான்.

வகுப்பு துப்பறியத் தொடங்கியது. மழை வந்திருக்கும் என்றான் ஒருவன். மழை வந்தால் சத்தம் கேட்காதா என்று இன்னொருவன் மடக்கினான். மைக் நின்றிருக்கும் என்றார்கள். மைக் நின்றால் அவர் குரல் பதிவில் மட்டும் எப்படி விழும்? டீ கொடுத்திருப்பார்கள் என்றான் ஒரு சாப்பாட்டு ராமன். நான் அந்த இரண்டு வாக்கியங்களையும் பலகையில் எழுதினேன். தலைவர் சொன்னது, "நிங்கள்க்கு இவிடெ அவகாசமுண்டு." மெம்பரின் அப்பா சொன்னது, "உங்களுக்கு இங்கே அவகாசம் உண்டு."

எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு என் மாமன்தான் காரணம்.

எங்கள் அப்பா இறந்தபின், நிலத்தை எங்கள் பேருக்கு மாற்ற வில்லேஜ் ஆபீஸ் போனோம். அம்மாவின் தம்பி, என் மாமன், துணைக்கு வந்தார். மாட்டுச் சந்தையில் எந்த வியாபாரியையும் வாயாலேயே மடக்கிவிடுகிறவர். அங்கிருந்த அலுவலர் மலையாளி. "அவகாசி சர்ட்டிபிகேட் வேணும்" என்றார். வாரிசுச் சான்றிதழைத்தான் அப்படிக் கேட்டார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அவகாசி என்றால் உரிமை உள்ளவர், வாரிசு. என் மாமனுக்குத் தெரிந்தது தமிழ் அவகாசம்தான். கெடு, தவணை, கொஞ்சம் பொறுத்து வா என்பது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, எங்களுக்கு அவகாசமெல்லாம் வேண்டாமுங்க. இன்னைக்கே முடிச்சுக் குடுத்துருங்க!" என்று மேசையைத் தட்டினார். சொத்தில் உரிமையே வேண்டாம் என்று இத்தனை ஆவேசமாகச் சொல்லும் குடும்பத்தை அந்த அலுவலர் அதற்கு முன் பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னேன். வகுப்பு உருண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு பலகையைப் பார்த்தார்கள். தலைவர் 'இங்கே உங்களுக்கு உரிமை உண்டு' என்றிருக்கிறார். மெம்பரின் அப்பா அந்தச் சொல்லை அப்படியே தூக்கித் தமிழ் வாக்கியத்தில் வைத்துவிட்டார். பின்வரிசையில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் கேட்டது, 'இங்கே உங்களுக்குக் கொஞ்ச நாள் டைம் இருக்கிறது' என்று. எந்த மனுசன் அதற்குக் கைதட்டுவான்?

"அடுத்த வரி என்னன்னு கேளுங்க, அது சந்தேகத்தைத் தீர்க்கும்" என்று பதிவை ஓட்டினேன். தலைவர் மலையாளத்தில், அது யாரும் கொடுத்ததல்ல என்கிறார். நேரத்தை ஒருவர் கொடுக்கலாம். யாரும் கொடுக்காதது என்றால் அது உரிமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த வரிக்கும் முன்வரிசை விடாமல் தட்டியதில், அதன் தமிழ் கைதட்டலும் விசிலும் சேர்ந்த இரைச்சலில் முழுசாக மறைந்துபோயிருந்தது. மைதானத்தில் பின்னால் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்காது.

அன்று வகுப்பு முடிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு பாடம் அமைவது அபூர்வம். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எங்கம்மாட்ட சொன்னேன் டீச்சர்."

"என்னன்னு?"

"அவகாசம்னா என்னான்னு."

அவள் அம்மாவைப் பெற்றவருக்கு, ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் காடு வெட்டித் திருத்திய கொஞ்சம் ஏலக்காடு இருந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அவரும் போயிருக்கிறார். திரும்பி வந்து, "அவகாசம் குடுத்திருக்காக. கெடு முடிஞ்சு கழுத்தைப் பிடிச்சுத் தள்றதுக்குள்ள நாமளே எறங்கிருவோம்" என்று சொல்லி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு காட்டைக் கைமாற்றிவிட்டுக் குடும்பத்தோடு கம்பத்துக்கு இறங்கிவிட்டார். இறங்காதவர்களின் காடு அவர்களிடமே தங்கியது. பல வருடம் கழித்து அவர் மகள், அதாவது இவள் அம்மா, கல்யாணமாகி அதே மலைக்குக் காய் எடுக்கும் கூலியாகத் திரும்பி வந்தார். தன் அப்பன் வெட்டித் திருத்திய சரிவில் இன்றும் கூலிக்குக் காய் எடுக்கிறார். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் சொல்லப்பட்டதெல்லாம் ஒன்றுதான். எல்லாரும் நின்னாங்க, நம்ம ஆளு மட்டும் பயந்து ஓடினாரு.

"எங்கம்மா வாயில 'எங்கப்பன் பயந்தாங்கொள்ளி'ங்கிறதைத் தவிர வேற ஒண்ணும் வந்ததே இல்ல டீச்சர். ராத்திரி பூரா அழுதுச்சு. அவரு பயந்து ஓடல. மைக்குல சொன்னதைக் கேட்டாரு." மைதானம் இருந்த பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்: "அதே வார்த்தையை இப்பக் கல்லுல வெட்டப் போறாங்க. எங்கம்மா போற ஜீப்பு தெனமும் அந்த வழியாத்தான் போகுது."

எனக்கு அது ஒரு நல்ல பாடம். அவளுக்கு அது தாத்தா.

ஆனாலும் நான் ஆசிரியை. ஒரு வீட்டுக் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது, நினைவும் ஒரு சான்றுதான், அதையும் சோதிக்க வேண்டும் என்றேன். அவள் என்னை முறைத்தாள். முறைத்துவிட்டு வகுப்பைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சில வீடுகளில், "ஆமா, அவகாசம்னுதான் சொன்னாக" என்றார்கள். ஒரு வீட்டில், அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். மலையாளம் தெரிந்த பக்கத்து வீட்டார் விளக்கிச் சொன்னதால் இறங்காமல் நின்றோம் என்றார் ஒருவர். எல்லாவற்றையும், சத்தியம் செய்தவர்களையும் விடாமல், எழுதினார்கள். கடைசியில் மெம்பருக்கு ஒரு விண்ணப்பம். கல்லில் தமிழ் வரியில் 'அவகாசம்' என்பதற்குப் பதில் 'உரிமை' என்று வெட்ட வேண்டும்.

அன்று மாலையே பிரின்சிபால் கூப்பிட்டார். நல்ல மனிதர், மலையாளி, தமிழும் ஓரளவு பேசுவார். பிரச்சினை என்று ஒன்று இருந்தால் அது தன் ஓய்வுக்குப் பிறகு வரட்டும் என்று நினைப்பவர்.

"டீச்சரே, மெம்பர் போனில் விளிச்சிருந்நு. பயங்கர தேஷ்யம், கோபம். அவரோட அச்சன் தப்பு சொல்லின்னு குட்டிகள் எழுதலாமா? அந்தப் பாடம் மதி. போதும்."

"பாடம் இன்னும் முடியலீங்க சார்."

"முடிஞ்சதுன்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்க முடியாதுங்க. காதால கேட்டதைக் கேக்கலைன்னு எழுதச் சொல்ல என்னால ஆகாது. வேணும்னா நீங்க வகுப்புக்கு வந்து சொல்லுங்க."

அவர் வரவில்லை. வந்தது மெம்பர். பாதி வகுப்பில், செருப்புச் சத்தம் கேட்க உள்ளே வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்தார்கள். நானும் ஒரு நொடி பயந்தேன். பிறகு பயந்ததற்காகவே எனக்குக் கோபம் வந்தது.

"எங்கப்பாவுக்கு மலையாளம் தெரியாதுன்னு சொல்றீங்களா டீச்சர்? இந்த ஊருக்கே மலையாளம் சொல்லிக்குடுத்த ஆளு அவரு!"

"உக்காருங்க" என்றேன். மாணவர்களிடம் சொல்வது போலவே வந்துவிட்டது. அவரும் ஏதோ பழக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மேசைக்கு அடியில் போகவில்லை.

"தலைவர் 'சாவகாசம்'னு சொல்லியிருப்பாரு" என்றார். மலையாளத்தில் சாவகாசம் என்றால் நேரம், தாமதம். "காத்துச் சத்தத்துல உங்களுக்கு 'சா' கேட்டிருக்காது. எங்கப்பா பக்கத்துல நின்னதால அவருக்குக் கேட்டிருக்கும்."

நல்ல வாதம். இதைச் சொன்னது என் மாணவனாக இருந்தால் முதுகில் தட்டியிருப்பேன். பதிவைப் போட்டேன். மறுபடி போட்டேன். 'சா' இல்லை. பிறகு அந்தப் பெண் எழுந்தாள்.

"சாவகாசம்னே வெச்சுக்குவோம் சார். அப்ப, உங்களுக்குக் கொஞ்ச நாள்தான் டைம், மூட்டை முடிச்சக் கட்டுங்கன்னு உங்க தலைவரு சொன்னாருன்னு ஆகுது. அதுக்கா கல்லு வெக்கிறீங்க?"

மெம்பரின் முகம் சுண்டிப்போனது. அப்பாவைக் காப்பாற்றினால் தலைவர் போகிறார். தலைவரைக் காப்பாற்றினால் அப்பா தப்புச் சொன்னதாகிறது. ஸ்பீக்கரில் அவர் அப்பாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. இளமையான, கணீரென்ற குரல். அவர் அதைக் கொஞ்ச நேரம் தலை குனிந்து கேட்டார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காததை எழுதமாட்டேன்.

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். "கல்லு வெட்டியாச்சு டீச்சர். இனி மாத்த முடியாது." போய்விட்டார்.

விழாவுக்கு முன்தினம் பிரின்சிபால் மறுபடி கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் சீருடையில் வர வேண்டும், வரிசையாக நிற்க வேண்டும், கல்லைத் திறக்கும்போது கைதட்ட வேண்டும். "குட்டிகளைச் சொல்லி நிறுத்தணும், கேட்டோ" என்றார்.

"சீருடையில வருவாங்க சார். வரிசையிலயும் நிப்பாங்க. கைதட்டறதுக்கு நான் ஆளு பிடிச்சுத் தரமாட்டேனுங்க."

வகுப்புக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னேன். பிடித்தால் தட்டுங்கள், பிடிக்காவிட்டால் தட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இவ்வளவுதான் நான் சொன்னது. சதி செய்தேன், பிள்ளைகளைத் தூண்டிவிட்டேன் என்பதெல்லாம் கட்டுக்கதை. தூண்டிவிடத் தெரிந்திருந்தால் நான் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன், அதில் மெம்பரும் ஆகியிருக்கலாம்.

விழா மாலையில் நடந்தது. காய் எடுப்பு முடிந்து ஜீப்புகள் வரும் நேரம் பார்த்து வைத்திருந்தார்கள், கூட்டம் சேர வேண்டும் என்று. சேர்ந்தது. பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்குத்துணியை அவிழ்க்காமலே, ஏலப்பிசின் கறுத்த விரல்களோடு பின்னால் நின்றார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவும் அதில் நின்றார். அதற்கு முன் நான் அவரை நேரில் பார்த்ததில்லை. மகளின் அதே முறைப்பு இருந்ததால் தெரிந்துகொண்டேன்.

திரையை விலக்கினார்கள். கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. மெம்பர் மைக்கில் மலையாள வரியை வாசித்தார். கைதட்டல் எழுந்தது. எங்கள் பிள்ளைகளும் தட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். மேடையில் பிரின்சிபால் நிம்மதியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு தமிழ் வரியை வாசித்தார். "உங்களுக்கு இங்கே அவகாசம் உண்டு."

ஒரு கை அசையவில்லை.

பிள்ளைகள் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றார்கள். எனக்கு அது பாதி எதிர்பார்த்ததுதான். பின்னால் இருந்த பெண்களைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. காய் எடுக்கும் இடத்தில் நிரைக்கு நிரை பேச்சுப் போயிருக்கிறது. அத்தனை பேரும் மெம்பரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். மைக்கில் காற்றுச் சத்தம் கேட்டது. அந்தப் பதிவில் இருந்த அதே மௌனம், அதே மைதானத்தில்.

மெம்பர் மறுபடி வாசித்தார், இந்த முறை சத்தமாக. மௌனம். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெம்பருக்கு அது என்ன மௌனம் என்று தெரியும். என் வகுப்பின் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்தானே. கழுத்தெல்லாம் வியர்த்து, துண்டால் துடைத்துக்கொண்டு, கடைசியில் எரிந்து விழுந்தார்.

"சரிப்பா! உரிமை! உங்களுக்கு இங்க உரிமை உண்டு! அதைத்தான் அன்னைக்குச் சொன்னாரு. எங்கப்பாதான்... விடுங்க. உரிமை! போதுமா?"

இதைவிட அழகாக யாரும் பேச முடியாது என்று எனக்குத் தோன்றியது. உச்சரிப்பு அருமை, ஏற்ற இறக்கம் நன்று.

முதலில் தட்டியது அந்தப் பெண்ணின் அம்மா. தனியாக, ஏதோ சண்டைக்குப் போகிறவர் போலப் படார் படாரென்று தட்டினார். பிறகு பின்வரிசை முழுக்கத் தட்டியது. பிள்ளைகள் விசிலடித்தார்கள், சீருடையில் விசிலடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. நானும் தட்டினேன், கை வலிக்க. என் மாணவன் ஒருவன் அதையெல்லாம் போனில் பதிவு செய்தான். அதில் முதலில் மலையாளம் வருகிறது, அதற்குக் கைதட்டல் வருகிறது, பிறகு 'அவகாசம்', அதற்கு நீண்ட மௌனம், பிறகு 'உரிமை'. இந்தத் தடவை தமிழுக்குத்தான் சத்தம் பெரிது.

கூட்டம் கலைந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். நன்றி ஏதும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்டுபிடித்தது அவர் மகள். "எங்கப்பன் செத்ததுக்குக்கூட நான் அழுகல டீச்சர். பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு அழுகணும்னு இருந்துட்டேன்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். ஏல வாசம் அன்று முழுக்க என் கையில் இருந்தது.

கல் மாறவில்லை. அதில் இன்னமும் 'அவகாசம்' என்றுதான் இருக்கிறது. மாற்றுவதாக மெம்பர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்; அவருக்கு வேண்டிய அவகாசத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதற்காக நான் ஓய்ந்துபோகவில்லை. ஒவ்வொரு புது வகுப்பையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார வைக்கிறேன். அதுவும் இப்போது ஒரு முதன்மைச் சான்றுதான். இதை வெட்டியது யார், யாருக்காக, கேட்டவர்கள் என்ன பண்ணினார்கள்? பள்ளிச் சுற்றுலாவுக்கு இது எந்த வகையில் அவசியம் என்று பிரின்சிபால் எழுத்தில் விளக்கம் கேட்டார். எழுத்திலேயே கொடுத்தேன்.

காலையில் போனால் இன்னொன்றும் கேட்கலாம். பெண்களை ஏற்றிக்கொண்டு மேல்தோட்டத்துக்குப் போகும் ஜீப் அந்த வளைவில் மெதுவாகத் திரும்பும். கல்லைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் தமிழ் வரியை உரக்கப் படிக்கும். அந்தச் சொல் வரும் இடத்தில் ஜீப் மொத்தமும் சேர்ந்து "உரிமை!" என்று கத்தும். அப்படிக் கல்லைத் திருத்திப் படித்துவிட்டுத்தான் அவர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள்.